வெயிலில் டயர் வெடிப்பது காற்று கூடியதாலா, குறைந்ததாலா?

வெயில் ஏறத் தொடங்கினாலே நெடுஞ்சாலையில் டயர் வெடித்துக் கார் கவிழ்ந்த செய்திகள் கண்ணில் படத் தொடங்கிவிடும். கூடவே ஓர் அறிவுரையும் கிளம்பும். பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கிற தம்பி சொல்வார், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்புவார்: "வெயில் காலத்துல டயருக்குள்ள காத்து விரியும், அதனால ரெண்டு மூணு பாயின்ட் கம்மியா வைங்க." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சூடானால் காற்றின் அழுத்தம் கூடும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். ஆனால் அதிலிருந்து எடுக்கிற முடிவுதான் நேர்மாறு. வேகமாகப் போகிற காரில் டயர் வெடிக்கிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்று கூடியதை அல்ல, குறைந்ததை.

முதலில் அந்த "விரியும்" கணக்கைப் பார்த்துவிடலாம், பெரிய வேலை இல்லை. காலையில் 30 டிகிரி வெப்பநிலையில் டயரில் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு, பேச்சில் "பாயின்ட்" என்பது இதைத்தான்) காற்று வைத்திருக்கிறீர்கள். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடியபின் உள்ளே இருக்கும் காற்று 60 டிகிரிக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மீட்டரை வைத்தால் ஏறக்குறைய 38 காட்டும். ஐந்து பாயின்ட் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அதே டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அதிகபட்ச அழுத்தம் என்று ஓர் எண் இருக்கும், கார் டயர்களில் பெரும்பாலும் 44 அல்லது 51. அந்த எண்ணைத் தொட்டவுடன் டயர் கிழிந்துவிடும் என்பதும் இல்லை, பழுதில்லாத டயர் வெறும் அழுத்தத்தால் கிழிவதற்கு அதைவிட மிக மிக அதிகமாகக் காற்று வேண்டும். தவிர, கார் கம்பெனி கதவோரத்து ஸ்டிக்கரில் 33 என்று போடும்போதே இந்த ஐந்து பாயின்ட் ஏற்றத்தையும் மனதில் வைத்துத்தான் போடுகிறது. அது குளிர்ந்த டயருக்கான எண், ஓடிச் சூடானால் ஏறும் என்று தெரிந்தே குறித்த எண்.

அதனால், பயணத்தின் நடுவில் டீ குடிக்க நிறுத்தி, காற்றைப் பார்த்து, "ஐயோ 38 காட்டுதே" என்று ஐந்து பாயின்டை இறக்கிவிடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், மறுநாள் காலை 28-இல் வண்டியை எடுக்கிறார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டயருக்குள் என்ன இருக்கிறது

டயர் என்றால் கறுப்பு ரப்பர் வளையம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் அடுக்கு அடுக்காக இருக்கும். உள்பக்கம் காற்று கசியாமல் பிடித்துவைக்கும் பியூட்டைல் வகை ரப்பர் படலம், ட்யூப்லெஸ் டயரில் ட்யூபின் வேலையை இதுதான் பார்க்கிறது. அதற்கு மேல் ஒரு ரிம் விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை குறுக்காக ஓடும் பாலியெஸ்டர் நூல்கள், டயரின் எலும்புக்கூடே இவைதான். ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் இடத்தில் ஒரு கெட்டியான எஃகுக் கம்பி வளையம். சாலையைத் தொடும் பக்கத்தில், பட்டன்களுக்கு (வரிப்பள்ளங்களுக்கு நடுவே மேடாக நிற்கும் ரப்பர் கட்டிகளுக்கு) அடியில், மெல்லிய எஃகுக் கம்பிகளால் நெய்த இரண்டு பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று எதிரெதிர்ச் சாய்வில் ஒட்டப்பட்டிருக்கும். அதிக வேகத்துக்கென்று செய்யப்படும் டயர்களில் இந்த எஃகுப் பட்டைகளின் மேல் நைலான் சுற்று ஒன்றும் இருக்கும். அதற்கும் மேலேதான் நாம் பார்க்கிற பட்டன் ரப்பர். பக்கச் சுவர் இருக்கிறதே, அங்கே எஃகுப் பட்டை கிடையாது, நூலும் ரப்பரும் மட்டும்தான். பஞ்சர் கடைக்காரர் பக்கச் சுவரில் ஓட்டை என்றால் உதட்டைப் பிதுக்குவது இதனால்தான்.

எஃகும் ரப்பரும் தானாக ஒட்டாது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அந்த எஃகுக் கம்பிகளுக்குப் பித்தளை முலாம் பூசியிருப்பார்கள். டயரை அச்சில் வைத்து 150 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பதப்படுத்தும்போது பித்தளையில் உள்ள செம்பும் ரப்பரில் கலந்த கந்தகமும் வினைபுரிந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். டயரின் உயிர் அந்தப் பிடிப்பில் இருக்கிறது. அந்தப் பிடிப்புக்கு எதிரிகள் மூன்று: சூடு, ஈரம், வயது.

சூடு எங்கிருந்து வருகிறது

மே மாதத்துத் தார்ச்சாலை கொதிக்கும், அது தெரிந்ததுதான். ஆனால் டயரைக் கெடுக்கும் சூட்டில் பெரும்பங்கு சாலையிலிருந்து வருவதில்லை, டயருக்குள்ளேயே பிறக்கிறது.

நின்றுகொண்டிருக்கும் காரின் டயரைப் பாருங்கள், தரையைத் தொடும் இடத்தில் கொஞ்சம் தட்டையாக அமுங்கியிருக்கும். கார் ஓடும்போது டயரின் ஒவ்வொரு பகுதியும் தன் முறை வரும்போது அமுங்கி, தரையை விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். ஸ்விஃப்ட், டிசையர் மாதிரிக் கார்களில் வரும் 185/65 ஆர்15 அளவு டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு 14 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஒரு மணி நேரம் அப்படியே ஓட்டினால் டயரின் ஒவ்வோர் இடமும் 50 ஆயிரம் தடவைக்கு மேல் அமுங்கி எழுகிறது. ரப்பரை அமுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்ப வருவதில்லை, ஒரு பகுதி உள்ளேயே சூடாகத் தங்கிவிடும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வேகமாக வளைத்து உடைத்திருக்கிறீர்களா? உடைகிற இடம் கையைச் சுடும். டயரின் பக்கச் சுவரில் நடப்பதும் அதுதான், நிறுத்தாமல் மணிக்கணக்கில்.

இப்போது காற்றைக் குறையுங்கள். காற்று குறைந்தால் டயர் கூடுதலாக அமுங்கும். கூடுதலாக அமுங்கினால் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் சூடு. வேகம் கூடினால் விநாடிக்கு இன்னும் நிறைய சுற்று, அதனால் இன்னும் சூடு. ரப்பர் சூட்டைச் சட்டென்று வெளியே கடத்திவிடும் பொருளும் அல்ல. காரைச் சுமப்பது ரப்பர் இல்லை, உள்ளே அடைத்த காற்றுதான் என்பதை மறந்துவிடுகிறோம். காற்று குறைந்த அளவுக்கு அந்தச் சுமையை ரப்பரும் நூலும் வளைந்து நெளிந்து தாங்க வேண்டியதாகிறது.

இந்தச் சூடு அதிகமாகக் குவிகிற இடங்களில் முக்கியமானது எஃகுப் பட்டைகள் முடிகிற விளிம்பு, அதாவது டயரின் தோள்பகுதி. ரப்பர் அங்கேதான் தடிமன், அசைவும் அங்கேதான் அதிகம். முதலில் கம்பி நுனிகளில் ஒரு சின்னப் பிளவு. பிறகு அது இரண்டு பட்டைகளுக்கும் நடுவே மெல்ல உள்ளே ஊர்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது, டயர் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒருநாள் நெடுஞ்சாலையில், சூடு உச்சத்தில் இருக்கும்போது, மேல்பட்டை பட்டன் ரப்பரோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். லாரிகள் போகிற சாலையோரத்தில் நீள நீளமாகக் கிடக்கும் கறுப்புத் தோல்களைப் பார்த்திருப்பீர்களே, அவற்றில் பல இப்படி உரிந்தவை. சில சமயம் பட்டை உரிந்த பிறகும் உள்கூடு காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சில சமயம் அதுவும் சேர்ந்து கிழிந்து ஒரு நொடிக்குள் காற்று முழுக்கப் போய்விடும், நாம் "வெடித்தது" என்று சொல்வது அதைத்தான். பக்கச் சுவரிலேயே நூல்கள் சூட்டில் சோர்ந்து அறுந்து, சுவர் வட்டமாகக் கிழிந்து போவதும் உண்டு.

வேகம் இன்னொரு விதத்திலும் வேலை காட்டும். ஒரு எல்லைக்கு மேல் போனால், தரையில் அமுங்கிய பகுதி பழைய வடிவத்துக்குத் திரும்பி முடிப்பதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். அப்போது தரையை விட்டு எழும் பக்கத்தில் டயர் அலை அலையாக நெளிய ஆரம்பிக்கும், சூடு தாறுமாறாக ஏறும், கொஞ்ச நேரத்தில் டயர் சிதறிவிடும். எந்த வேகத்தில் இது தொடங்கும் என்பது டயரைப் பொறுத்தது. காற்று குறைந்தால் அந்த எல்லையும் கீழே இறங்கிவிடும். டயர் அளவுக்குப் பக்கத்தில் 88எச் என்பது மாதிரி ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 88 என்றால் அந்த ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். எச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம் வரை, டி என்றால் 190, எஸ் என்றால் 180. இதெல்லாம் சரியான காற்றும் குறையில்லாத டயரும் இருந்தால்தான். 210 என்று போட்டிருக்கிறதே, நான் 120-இல்தானே போகிறேன் என்று 22 பிஎஸ்ஐ காற்றோடு போகிறவருக்கு அந்த எழுத்தால் ஒரு பாதுகாப்பும் கிடையாது.

ஃபயர்ஸ்டோன் கதை

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு நடந்ததைப் பார்க்கலாம். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற பெரிய வண்டி அப்போது அங்கே வெகு பிரபலம். அதில் வந்த 15 அங்குல ஃபயர்ஸ்டோன் டயர்கள் வேகத்தில் பட்டன் பட்டை உரிந்து, வண்டிகள் உருண்டு விழுந்தன. 2000 ஆகஸ்டில் பிரிட்ஜ்ஸ்டோன்/ஃபயர்ஸ்டோன் கம்பெனி சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு அந்த டயர்களோடு தொடர்புபடுத்திய சாவுகள் 271.

யார் தப்பு என்று இரண்டு கம்பெனியும் மாறி மாறிக் கைகாட்டின. ஃபோர்டு, டயர் சரியில்லை என்றது. ஃபயர்ஸ்டோன், வண்டி சுலபமாக உருளுகிறது, அதோடு நீங்கள் சொன்ன காற்று அளவு குறைவு என்றது. எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு சிபாரிசு செய்திருந்தது 26 பிஎஸ்ஐ, ஃபயர்ஸ்டோன் பிற்பாடு 30 வையுங்கள் என்றது. நான்கு பாயின்ட் வித்தியாசம்! நம்மில் பலர் பொருட்படுத்தவே மாட்டாத நான்கு பாயின்ட். அரசு விசாரணையோ டயரின் தோள்பகுதியில் எஃகுப் பட்டைகளின் ஓரம் பிளவைத் தாங்கும்படி வடிவமைக்கப்படவில்லை என்ற முடிவுக்கு வந்தது. விபத்துகள் எங்கே குவிந்தன தெரியுமா? டயர்களை முதலில் மாற்றிக் கொடுக்க ஃபயர்ஸ்டோன் தேர்ந்தெடுத்த மாநிலங்கள் அரிசோனா, கலிபோர்னியா, ஃபுளோரிடா, டெக்சாஸ். எல்லாம் வெயில் மாநிலங்கள், நீண்ட நேரம் வேகமாக ஓட்டும் மாநிலங்கள்.

என் பார்வையில் இரண்டு கம்பெனி சொன்னதிலும் பாதிப் பாதி உண்மை இருந்தது. பலவீனமான டயர் சரியான காற்றோடு குளிர்ப்பிரதேசத்தில் ஓடியிருந்தால் பல வருடம் தாக்குப்பிடித்திருக்கும். குறைந்த காற்றும் வெயிலும் சுமையும் வேகமும் சேர்ந்ததால் பலவீனம் வெளியே வந்தது. டயர் வெடிப்பு என்பது பெரும்பாலும் இப்படித்தான், ஒரே காரணம் என்று விரல் நீட்ட முடியாது.

அந்த விவகாரத்தால் அங்கே புதுச் சட்டம் வந்தது, அதன் தொடர்ச்சியாக 2007 செப்டம்பருக்குப் பிறகு வரும் எல்லாப் புதிய கார்களிலும் காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி கட்டாயமானது. இப்போது நம் ஊர்க் கார்களில் பலவற்றிலும் டிபிஎம்எஸ் என்று அது வருகிறது. நல்ல விஷயம். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அமெரிக்க விதிப்படி விளக்கு எரிய வேண்டியது, காற்று 25 சதவீதம் குறைந்த பிறகுதான். 33 இருக்க வேண்டிய டயர் 25-க்கு வரும்வரை அந்த விளக்கு சும்மா இருக்கலாம். விளக்கு எரியவில்லை என்பதற்கு "காற்று சரியாக இருக்கிறது" என்று பொருள் இல்லை, "இன்னும் மோசமாகவில்லை" என்றுதான் பொருள். ஒவ்வொரு டயரின் அழுத்தத்தையும் எண்ணாகக் காட்டும் வகை வண்டியில் இருந்தால் அதிர்ஷ்டம்.

மற்ற காரணங்கள்

சுமையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கல்யாணத்துக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ போகும்போது ஐந்து பேர் வண்டியில் ஏழு பேர், டிக்கியில் அரிசி மூட்டை, மேலே கேரியரில் பெட்டிகள். டயருக்கு இது காற்று குறைந்த மாதிரியேதான், கூடுதல் அமுக்கம், கூடுதல் சூடு. கதவோரத்து ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கென்று தனியாக ஓர் எண் போட்டிருப்பார்கள், பின்டயருக்கு அது கணிசமாகக் கூடவே இருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை.

பள்ளம்தான் நம் சாலைகளின் விசேஷம். வேகமாகப் போய்ப் பள்ளத்திலோ, பெயின்ட் அழிந்த வேகத்தடையிலோ இறங்கினால், ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே பக்கச் சுவர் நசுங்கி உள்ளே சில நூல்கள் அறுந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. சில நாள் கழித்து அந்த இடத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் தெரியும். உள்ளே நூல் இல்லை, ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதோடு நெடுஞ்சாலைக்குப் போகவே கூடாது. அதற்கு ரிப்பேரும் கிடையாது, "உள்ளே பேட்ச் போட்டுத் தரேன், ஒரு வருஷம் ஓட்டலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். காற்றை அளவுக்கு மேல் ஏற்றினால் வரும் உண்மையான தொல்லையும் இங்கேதான் இருக்கிறது. விறைப்பாக இருக்கிற டயர் அடியை வாங்கி அமுங்கிக்கொடுக்காது. அதனால் 40 வைத்துவிட்டால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம்.

பஞ்சர் விஷயத்தில் இரண்டு ஆபத்து. ஒன்று, வெளியிலிருந்தே ரப்பர் திரியைக் குத்திச் செருகும் ஐந்து நிமிட வைத்தியம். நடுப்பட்டனில் சின்ன ஆணி ஓட்டைக்கு அவசரத்துக்குச் சரி. ஆனால் டயரைக் கழற்றி உட்புறம் பார்த்து, உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் காம்பும் உட்புறம் ஒட்டும் தொப்பியும் சேர்ந்த காளான் வடிவ ஒட்டு) போடுவதுதான் முறை. திரி சரியாக அடைக்காவிட்டால் ஓட்டை வழியாக ஈரம் எஃகுப் பட்டைக்குப் போகும், கம்பி துருப்பிடிக்கும், பித்தளைப் பிடிப்பு விட்டுப்போகும். தோள்பகுதியிலோ பக்கச் சுவரிலோ ஓட்டை என்றாலும், 6 மில்லிமீட்டருக்கு மேல் பெரிய ஓட்டை என்றாலும் ரிப்பேர் செய்யக் கூடாது. இரண்டாவது ஆபத்து, காற்று இறங்கிய டயரில் "பக்கத்துல கடை இருக்கும்" என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு போவது. பக்கச் சுவர் உள்ளுக்குள் மடிந்து அரைபட்டு நூல்கள் நொறுங்கியிருக்கும். பஞ்சரை ஒட்டிக் காற்றடித்தால் வெளியே புத்தம் புதிதாகத் தெரியும். டயரைக் கழற்றும்போது உள்ளிருந்து கறுப்புத் தூள் கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டினால் அந்த டயரின் கதை முடிந்தது. திரி வைத்தியத்தில் டயரைக் கழற்றுவதே இல்லை என்பதால் இந்தத் தூளை யாரும் பார்ப்பதும் இல்லை.

ட்யூப்லெஸ் டயர் அடிக்கடி காற்று இறங்குகிறது என்று உள்ளே ட்யூப் போட்டு ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ட்யூப் உள்ளே உரசிச் சூடேறும், ஆணி குத்தினால் காற்று மெல்ல இறங்காமல் மொத்தமாகப் போகும். ஐநூறு ரூபாய் மிச்சப்படுத்துகிற காரியம் இது இல்லை.

அப்புறம் வயது. வீட்டில் ஓரமாக நிற்கும், மாதத்துக்கு இரண்டு தடவை மட்டும் எடுக்கும் கார்களுக்குத்தான் இது பெரிய பிரச்சினை, ஏனென்றால் பட்டன் தேயவே இல்லை, டயர் கறுகறுவென்று இருக்கிறது, ஓனருக்குச் சந்தேகமே வராது. ரப்பர் காற்றில் உள்ள ஆக்சிஜனாலும் ஓசோனாலும் மெல்ல இறுகி வெடிப்பு விடும். அதைத் தடுக்க ரப்பரில் மெழுகும் வேறு வேதிப்பொருள்களும் கலந்திருப்பார்கள், டயர் ஓடி வளைந்து நெளியும்போதுதான் அவை மேலே வந்து பரவும். நிற்கிற டயருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு. டயரின் பக்கத்தில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கார் கம்பெனிகள் பலவும் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. டயர் கம்பெனிகளில் மிஷலின் போன்றவை ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் கடையில் காட்டச் சொல்லி, எப்படியிருந்தாலும் பத்து வருடத்தோடு நிறுத்தச் சொல்கின்றன. நம் வெயிலுக்கு நான் ஆறின் பக்கம்தான் நிற்பேன். பழைய கார் வாங்கினால் ஸ்டெப்னியின் தேதியையும் சேர்த்துப் பாருங்கள், பல வண்டிகளில் அது வண்டியோடு பிறந்ததாகவே இருக்கும்.

தேய்மானத்துக்குச் சட்டப்படி எல்லை 1.6 மில்லிமீட்டர், பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் சின்ன மேடுகள் இருக்கும், பட்டன் அதற்குச் சமமாக வந்துவிட்டால் முடிந்தது. அலைன்மென்ட் கெட்டுப்போனால் உள்பக்க ஓரம் மட்டும் கம்பி தெரியும் அளவுக்குத் தேயும், வெளிப்பக்கத்தில் நல்ல பட்டன் இருக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பிவைத்துக் குனிந்து பார்த்தால்தான் அது கண்ணுக்குப் படும்.

நைட்ரஜன் போட்டால் வெடிக்காது என்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூடானால் அதுவும் அதே அளவுக்குத்தான் விரியும். ஈரம் இல்லாமல் இருக்கும், கொஞ்சம் மெதுவாகக் கசியும், அவ்வளவே. இலவசமாகக் கிடைத்தால் போடுங்கள், அது கிடைக்கவில்லை என்று காற்று குறைந்த டயரோடு ஓட்டுவதுதான் பைத்தியக்காரத்தனம்.

விதி என்று சொல்லித் தப்ப முடியுமா

டயர் வெடிப்பைக் கடவுள் செயல் என்று சொல்லும் வழக்கம் நமக்கு மட்டும் இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உண்டு. 2010-இல் புனேயிலிருந்து மும்பை போன கார் ஒன்றின் பின்டயர் வேகத்தில் வெடித்துக் கார் பள்ளத்தில் விழுந்து ஒருவர் இறந்துபோனார். குடும்பத்துக்கு 1.25 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து, டயர் வெடித்தது கடவுள் செயல், ஓட்டுநரின் கவனக்குறைவு அல்ல என்று இன்சூரன்ஸ் தரப்பு வாதாடியது. மும்பை உயர் நீதிமன்றம் 2023-இல் அதை ஏற்கவில்லை. வேகம், கூடவோ குறையவோ வைத்த காற்று, பழைய டயர், வெப்பநிலை என்று காரணங்களை அடுக்கி, பயணத்துக்கு முன் டயரைப் பார்க்க வேண்டியது ஓட்டுகிறவரின் பொறுப்பு, அதை மனிதக் கவனக்குறைவு என்றுதான் சொல்ல வேண்டும் என்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லா விபத்தையும் டயரின் தலையில் கட்டுவதும் நடக்கிறது. நாக்பூர்–மும்பை சம்ருத்தி விரைவுச்சாலையில் 2023 ஜூலை 1 அதிகாலையில் ஒரு பேருந்து கவிழ்ந்து தீப்பிடித்து 25 பேர் இறந்தார்கள். டயர் வெடித்ததுதான் காரணம் என்றார் ஓட்டுநர். போக்குவரத்துத் துறையின் ஆய்வோ அதற்கான தடயம் இல்லை என்றது. மோதலில் டயர் கிழிவதும் உண்டு என்பதால், கிழிந்த டயரைப் பார்த்தவுடன் அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்தச் சாலையில் டயர் கவலை நிஜமானது. கார்களுக்கு 120 கிலோமீட்டர் வேக அனுமதி, வளைவும் நிறுத்தமும் அதிகம் இல்லாத 701 கிலோமீட்டர் நீளம், மகாராஷ்டிராவின் கிழக்குப் பகுதியான விதர்பாவின் வெயில். ஊருக்குள் 40-இல் ஓடியே பழகிய டயர் அங்கே போய் முதல் தடவையாக மூன்று மணி நேரம் தொடர்ந்து சூடாகிறது. சிமென்ட் சாலைதான் டயரை வெடிக்க வைக்கிறது என்று பலர் சொல்வதை நான் பெரிதாக நம்புவதில்லை, சிமென்ட் சாலை டயரைக் கூடுதலாகத் தேய்க்கலாம், ஆனால் இரண்டு மணி நேரம் கால் எடுக்காமல் 120-இல் போக வைப்பதுதான் அதன் பெரிய குற்றம்.

வெடித்துவிட்டால்

பல சமயம் முன்னறிவிப்பு இருக்கும். பட்டை உரியத் தொடங்கும்போது வேகத்துக்கு ஏற்ப தடதடவென்று ஒரு சத்தமும் ஸ்டியரிங்கிலோ சீட்டுக்கு அடியிலோ ஓர் அதிர்வும் வரும். சாலைதான் சரியில்லை என்று நினைத்துப் போய்க்கொண்டே இருக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து ஓரம்கட்டி நான்கு டயரையும் சுற்றிப் பாருங்கள்.

முன்னறிவிப்பு இல்லாமல் வெடித்தால் முதலில் குண்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம். கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். அதைத்தான் செய்யக் கூடாது. வெடித்த டயர் ஒரு பக்கமாக வண்டியை இழுத்துக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் நல்ல டயர்கள் பிடிக்கும், கிழிந்தது பிடிக்காது, வண்டி சுழன்றுவிடும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து வண்டி நேராகப் போகிற அளவுக்கு மட்டும் திருத்துங்கள், வெடுக்கென்று ஒடிக்காதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்காமல் மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். முதல் நொடியில் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்திக்கூடப் பிடிக்கச் சொல்வார்கள் சில பயிற்சியாளர்கள், இழுப்பை அது சமாளிக்கும் என்பதால். அதற்கு நிதானம் வேண்டும். புதியவர்களுக்குப் பிரேக்கைத் தொடாமல் இருந்தாலே போதும். கிழிந்த டயரே வண்டியின் வேகத்தை நன்றாக இழுத்துக் குறைத்துவிடும். வேகம் நன்றாக இறங்கிய பிறகு லேசாகப் பிரேக், நான்கு இண்டிகேட்டரும், இடது ஓரம்.

முன்டயர் வெடித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், கையில் தெரியும். பின்டயர் வெடித்தால் வண்டியின் பின்பக்கம் அலையும், அதை அடக்குவது சாமானியருக்குக் கஷ்டம். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் பின்னால் போடச் சொல்வதற்கும் இதே மாதிரியான காரணம்தான், பின்பக்கப் பிடிப்பு போனால் வண்டியைத் திருப்பிக் கொண்டுவர வழி குறைவு. கடைக்காரர் வழக்கம்போல முன்னால் மாட்டப் பார்ப்பார், கேட்டு வாங்குங்கள்.

இதெல்லாம் நடக்காமல் இருக்கச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சொந்தமாக ஒரு நல்ல பிரஷர் மீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பங்கில் இருக்கும் கருவிகள் எல்லாம் ஒரே எண்ணைக் காட்டுவதில்லை. எந்த டயரும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பாயின்ட் தானாகவே இறங்கும். அதனால் மாதம் இரண்டு முறை, தூரப் பயணத்துக்கு முன் கட்டாயம், காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே பாருங்கள். ஓடிய வண்டி என்றால் மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். பக்கச் சுவரில் உள்ள அதிகபட்ச எண்ணை வைக்காதீர்கள், கதவோரத்திலோ பெட்ரோல் மூடியிலோ உள்ள எண்ணை வையுங்கள். வால்வு மூடி தொலைந்திருந்தால் பத்து ரூபாய்க்கு ஒன்று வாங்கிப் போடுங்கள்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். இப்போது பல கார்களில் மற்ற நான்கைவிட ஒல்லியாகவோ சிறியதாகவோதான் ஸ்டெப்னி கொடுக்கிறார்கள், அதில் 80-க்கு மேல் போகாதே என்று ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கும். தற்காலிக வகை ஒல்லி டயர்களில் சிலவற்றுக்கு 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும், பங்கில் கேட்டால் "அவ்ளோவா?" என்று நம்ப மாட்டார்கள், டயரில் எழுதியிருப்பதைக் காட்டிச் சொல்லுங்கள். சில வண்டிகளில் ஸ்டெப்னியே கிடையாது, டிபிஎம்எஸ்ஸும் பஞ்சர் கிட்டும் இருந்தால் தேவையில்லை என்று 2020-இல் விதியை மாற்றிவிட்டார்கள். அந்தக் கிட் ஆணி ஓட்டைக்கு உதவும், கிழிந்த டயருக்கு உதவாது. உங்கள் வண்டி அந்த வகையா என்று இன்றைக்கே டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள், அப்படியென்றால் இழுவை வண்டி எண் ஒன்றைப் போனில் சேமித்து வையுங்கள்.